‘பாரம்பரிய’ வெல்னஸ் ரிசார்ட்: நாம காசு குடுக்குறது கதைக்கா, கைக்கா?

மழைக்கால_மல்லி (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா சும்மா படிச்சிட்டு மட்டும் இருந்தேன், இதுதான் நான் போடுற முதல் இழை. விஷயம் என்னன்னா ரெண்டு வருஷமா எனக்கு சரியா தூக்கம் இல்ல, கழுத்து வலி, பிரஷர் மாத்திரை வேற ஆரம்பிச்சாச்சு. வீட்டுல எல்லாரும் சேர்ந்து பத்து நாள் எங்கயாவது போயிட்டு வா, போன் எடுக்காதன்னு சொல்லிட்டாங்க. சேமிப்புல இருந்து கொஞ்சம் பெருசாவே ஒதுக்கியாச்சு, வாழ்க்கையில ஒரு தடவை பண்ற செலவு இது.

ஒரு வாரமா வெப்சைட்டா பாத்துட்டு இருக்கேன், கண்ணு கட்டுது. எல்லாத்துலயும் ஒரு கல் கிண்ணம், அதுல மிதக்குற பூ, சுருட்டி வெச்ச வெள்ளைத் துண்டு, கண்ணை மூடிட்டு படுத்திருக்குற ஒரு பொண்ணு. கீழ ‘பல நூற்றாண்டுப் பாரம்பரியத்தில் பிறந்த அனுபவம்’. பாலின்னாலும் அதே போட்டோ, மொராக்கோன்னாலும் அதே போட்டோ. எது நிஜமாவே அந்த ஊர்க்காரங்க வாழ்க்கையில இருந்து வந்தது, எது மேல அடிச்ச பெயிண்ட்னு காசு கட்டுறதுக்கு முன்னாடியே எப்படி கண்டுபிடிக்கிறது? போனவங்க, வேலை பாத்தவங்க யாராவது சொல்லுங்க ப்ளீஸ்.

---

சும்மா_வந்தேன்

அந்த கண்ணை மூடின பொண்ணு பாவம், எல்லா நாட்டுலயும் டியூட்டி பாக்குது, கண்ணைத் திறந்து எந்த ஊர்னு பாக்கக்கூட விட மாட்டேங்குறாங்க.

---

பழைய_பிரவுச்சர்

எட்டு வருஷம் ஹோட்டல் மார்க்கெட்டிங்ல குப்பை கொட்டினவன், அதனால இந்த கேள்விக்கு நான் கொஞ்சம் பாவமன்னிப்பு கேட்டுட்டுதான் பதில் சொல்லணும். அந்த மாதிரி வரி நானே நூறாவது எழுதியிருப்பேன்.

எப்படி நடக்கும்னு சொல்றேன். கட்டடம் பாதி எழும்பினதும் ஸ்பா கன்சல்டன்ட் ஒருத்தர் வருவார், அவர் கையில ஏற்கனவே ஒரு மெனு இருக்கும், போன வருஷம் வேற ஒரு நாட்டுல போட்ட அதே மெனு. அதுல ‘சிக்னேச்சர்’ சிகிச்சைன்னு ஒண்ணு வேணும். அந்த ஊர்ல விளையுற ஏதாவது ஒரு இலை, ஒரு பூ, ஒரு மண் எடுத்து மூணு இடத்துல நுழைப்போம், பேர்ல ஒண்ணு, தேய்க்குற ஸ்க்ரப்ல ஒரு சிட்டிகை, முடிஞ்சதும் குடுக்குற டீயில ஒண்ணு. நடுவுல தேய்க்குற எண்ணெய் அதே கேன்ல இருந்துதான் வரும், கை அசைவும் அதேதான். தெரபிஸ்ட்டுக்கு மூணு வரி கதை மனப்பாடம். முடிஞ்சது பாரம்பரியம்.

பழசுன்னு நீங்க நினைக்கிறது பாதி பழசே கிடையாது. ஹாட் ஸ்டோன் மசாஜ் எடுத்துக்கோங்க. சூடான கல்லை உடம்புல வெக்குற வழக்கம் பல ஊர்ல இருந்திருக்கு, ஆனா ஸ்பாவுல வரிசையா கறுப்புக் கல் அடுக்கி செய்யுறாங்களே, அது 1993ல அமெரிக்காவோட அரிசோனாவுல ஒரு மசாஜ் தெரபிஸ்ட் உருவாக்கினது. ஸ்வீடிஷ் மசாஜ்னு ஊரெல்லாம் சொல்றோம், ஸ்வீடன்ல போய் கேட்டா ‘கிளாசிக் மசாஜ்’னுதான் சொல்லுவாங்க, அந்த தடவல் முறைகளுக்கு ஒழுங்கு குடுத்தவர் மெட்ஸ்கர்னு ஒரு டச்சு டாக்டர்.

அதனால மல்லி, ‘நூற்றாண்டு’ங்குற வார்த்தையை பாத்தா அந்த வரியை அப்படியே தாண்டிப் போயிருங்க.

---

ஊர்சுத்தி_77

பிரவுச்சர் அண்ணே சொல்றது சரி, ஆனா வயசை வெச்சு மட்டும் அளக்கவும் கூடாது. ஐஸ்லாந்து ப்ளூ லகூன் எல்லாரும் ஏதோ ஆதிகாலத்து புனித ஊற்றுன்னு நினைச்சு போறாங்க, அது 1976ல ஆரம்பிச்ச ஸ்வார்ட்செங்கி புவிவெப்ப மின்நிலையத்துல இருந்து வெளிய விட்ட தண்ணி எரிமலைப் பாறையில தேங்கினது. அப்புறம்தான் ஜனங்க இறங்கிக் குளிக்க ஆரம்பிச்சாங்க. இதை அவங்க மறைக்கவும் இல்ல. எனக்கு அது பிடிச்சிருந்தது, பொய் சொல்லாத புதுசு நல்லதுதான்.

இன்னொரு பக்கம் ஜப்பான். யமனாஷில நிஷியாமா ஆன்சென் கெய்யுன்கான்னு ஒரு விடுதி, ஆரம்பிச்ச வருஷம் 705, உலகத்துலயே பழைய ஹோட்டல்னு கின்னஸ்ல இருக்கு. அந்த நாட்டுல வெந்நீர் ஊற்றுக்குன்னு 1948ல இருந்து தனிச் சட்டமே இருக்கு, ஊற்று வாயில 25 டிகிரியாவது இருக்கணும், இல்ல பட்டியல்ல இருக்குற 19 பொருள்ல ஏதாவது ஒண்ணு குறிப்பிட்ட அளவுல இருக்கணும், அப்பதான் ஆன்சென்னு சொல்லிக்கலாம்.

இவ்வளவு கறாரான ஊர்லயும் என்ன நடந்துச்சு தெரியுமா. நாகானோ மாகாணத்துல ஷிராஹோனேன்னு ஒரு ஊத்து ஊர், தண்ணி பால் மாதிரி வெள்ளையா இருக்கும், அதுக்காகவே கூட்டம் வரும். சில தொட்டியில அந்த வெள்ளை மங்கிப் போக, குளியல் பவுடரை கலந்து வெள்ளையாக்கி ஓட்டியிருக்காங்க. 2004ல வெளிய வந்து நாடே சிரிச்சுச்சு. அதுக்கப்புறம் 2005ல விதியை மாத்தினாங்க. ஊத்துத் தண்ணியில பச்சைத்தண்ணி கலக்குறியா, சூடு பண்றியா, அதே தண்ணியை சுத்தவிடுறியா, பவுடர் கிருமிநாசினி எதாவது போடுறியா, எல்லாத்தையும் எழுதி மாட்டணும்.

உடை மாத்துற அறையில ஒரு ஓரமா அந்த பலகை தொங்கும், யாரும் பாக்குறது இல்ல. நான் போற இடத்துல எல்லாம் முதல்ல அதைத்தான் போன் கேமராவை வெச்சு மொழிபெயர்த்து படிப்பேன். மரமும் காகித விளக்குமா ஜொலிக்குற இடத்துல ‘சூடாக்கி, சுற்றவிட்டு, குளோரின் சேர்த்தது’ன்னு இருக்கும், பெயிண்ட் உதிர்ந்த கிழவி வீட்டு விடுதியில ‘எதுவும் சேர்க்கவில்லை’ன்னு இருக்கும்.

---

கணக்குப்பிள்ளை

எல்லாரும் நல்லா எழுதுறீங்க, ஆனா அடிப்படைக் கேள்வியை யாரும் கேக்கல. இதுக்கெல்லாம் எதுக்குங்க காசு?

ஃபின்லாந்துல சுமார் 55 லட்சம் ஜனம், சானா, அதாவது உக்காந்து வியர்க்குற சூட்டு அறை, மட்டும் 30 லட்சம் இருக்கும்னு சொல்றாங்க. அடுக்குமாடி வீட்டுல பொதுவா ஒண்ணு, குடிசைக்கு ஒண்ணு. பழைய காலத்துல பிரசவமே சானாவுலதான் நடந்துச்சு, ஏன்னா வீட்டுலயே சுத்தமான சூடான இடம் அதுதான். 2020ல யுனெஸ்கோ பட்டியல்ல சேர்த்தாங்க, அது ஆடம்பரம்னு இல்ல, எல்லாரோட அன்றாடம்னு. துருக்கி ஹமாமும் அப்படித்தான், ஊருக்குப் பொதுவான குளிக்குற இடம், நிறைய ஹமாமோட வருமானம் மசூதிக்கும் தர்மத்துக்கும் போச்சு.

பொதுவா இருந்த ஒண்ணைச் சுத்தி வேலி போட்டு, உள்ள போக டிக்கெட் வெச்சு, டிக்கெட்டுக்கு ‘பாரம்பரியம்’னு பேர் வெக்குறதுதான் இந்த பிசினஸ். மல்லி மேடம், நல்ல பிசியோதெரபிஸ்ட்ட பாருங்க, சாயங்காலம் நடங்க, ராத்திரி போனை வேற ரூம்ல வைங்க. மிச்ச காசை டெபாசிட்ல போடுங்க.

---

ஊர்சுத்தி_77

கணக்கு சார், பாதி ஒத்துக்குறேன். ஆனா இஸ்தான்புல்ல ஹுர்ரம் சுல்தான் ஹமாம், மிமார் சினான் கட்டினது, 1556. அது பல வருஷம் கார்ப்பெட் கடையா கிடந்துச்சு சார். 2011ல சரி பண்ணி மறுபடி ஹமாமா திறந்தாங்க, இப்ப விலை கூடத்தான். வேலி போட்டவன் காசு இல்லாம அந்த கல்லுல மறுபடி தண்ணி விழுந்திருக்காதே?

---

கணக்குப்பிள்ளை

விழுந்துச்சு, யார் மேலன்னுதான் கேள்வி. அந்த ஊர்க்காரன் மேலயா?

---

கஷாயம்_கசக்கும்

நான் ஆயுர்வேத டாக்டர், ஒரு ரிசார்ட்ல நாலு வருஷம் இருந்துட்டு இப்ப தனியா பாக்குறேன். என் பக்கத்துல இருந்து ஒண்ணு சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும் பொறுத்துக்கோங்க.

ஸ்பாவுல ரொம்ப விக்குறது சிரோதாரா, நெத்தியில எண்ணெய் ஒழுகுற அந்த போட்டோ. அதை பஞ்சகர்மான்னே போட்டு விக்குறாங்க. பஞ்சகர்மான்னா வமனம், விரேசனம், வஸ்தி, நஸ்யம், ரத்தமோட்சணம். அதாவது பச்சையா சொன்னா வாந்தி, பேதி, எனிமா, மூக்குல மருந்து, ரத்தம் எடுக்குறது. இந்த அஞ்சுல தாரா இல்லவே இல்ல. அந்த அஞ்சுக்கும் முன்னாடி நெய்யோ எண்ணெயோ உள்ளுக்கு குடுத்து, வியர்க்க வெச்சு உடம்பைப் பக்குவப்படுத்தணும், அப்புறம் பத்தியம், அப்புறம் மெதுவா பழைய சாப்பாட்டுக்கு வரணும். 14 நாள், 21 நாள், 28 நாள்னு கணக்கு போடுறது அதனாலதான். பேதிக்கு குடுத்த நாள்ல யாரும் கல் கிண்ணத்துல பூ மிதக்கவிட்டு போட்டோ எடுக்க மாட்டாங்க.

தாராவையே எடுத்துக்கோங்க. பாத்திரத்தோட அடியில ஓட்டை, அதுல திரி, திரி வழியா நெத்திக்கு நாலு விரக்கடை உயரத்துல இருந்து விழணும். உயரம் கூடினா அடி மாதிரி இருக்கும், சூடு குறைஞ்சா தலைபாரம். ஒருத்தர் திரியைப் பிடிச்சிட்டே நிக்கணும், இன்னொருத்தர் எண்ணெயை சூடு பாத்து திரும்ப ஊத்தணும். அதை தொடர்ந்து சில நாள் பண்ணணும். ரிசார்ட்ல என்ன ஆகுதுன்னா, விமானத்துல இருந்து இறங்கி வந்த அன்னிக்கே 45 நிமிஷம், முடிச்சதும் தலையோட நீச்சல் குளத்துல குதிக்குறார், ராத்திரி ஒயின். நான் ‘இன்னிக்கு வேண்டாம்’னு எழுதிக் குடுத்தேன் ஒரு தடவை, வந்தவருக்கு சளி, லேசா காய்ச்சல். அரை மணி நேரத்துல மேனேஜர் வந்துட்டார், டாக்டர் கெஸ்ட் ஃபீல் பண்றார்னு. செஞ்சுட்டாங்க. அதுக்கப்புறம் ரெண்டு மாசத்துல நான் பேப்பர் போட்டேன்.

என் அளவுகோல் இதுதான்: அங்க இருக்குற வைத்தியருக்கு உங்ககிட்ட ‘முடியாது’ன்னு சொல்ற அதிகாரம் இருக்கா? சொகுசு ஹோட்டலோட தொழில் தர்மமே விருந்தாளிக்கு இல்லைன்னு சொல்லக்கூடாது. வைத்தியத்துல பாதி இல்லைன்னு சொல்றதுதான். ரெண்டும் ஒரே கூரைக்குக் கீழ வந்தா யார் ஜெயிக்குறாங்கன்னு பாருங்க.

கேரளாவுல சுற்றுலாத் துறை ஆயுர்வேத சென்டர்களுக்கு கிரீன் லீஃப், ஆலிவ் லீஃப்னு ரொம்ப வருஷமா தரம் பிரிச்சு சான்று குடுத்திருக்கு, அது குறைஞ்சபட்ச வடிகட்டி, டாக்டர் இருக்காரா, தெரபிஸ்ட் படிச்சவங்களான்னு பாக்கும். அந்த டாக்டர் பேச்சு எடுபடுதான்னு சான்றிதழ் சொல்லாது. நிஜமா வியாதிக்கு போறதா இருந்தா 1902ல பி.எஸ். வாரியர் ஆரம்பிச்ச கோட்டக்கல் மாதிரி ஆஸ்பத்திரி இருக்கு, அங்க யாரும் உங்களை வெல்கம் டிரிங்க் குடுத்து வரவேற்க மாட்டாங்க, அவ்வளவுதான்.

---

பழைய_பிரவுச்சர்

டாக்டர், அந்த 45 நிமிஷம் எங்க இருந்து வந்துச்சுன்னு சொல்றேன். குளோபல் வெல்னஸ் இன்ஸ்டிட்யூட்னு இந்த தொழிலை ஆராயுற ஒரு அமைப்பு, பயணிகளை ரெண்டா பிரிக்கும், வெல்னஸுக்குன்னே கிளம்புறவங்க, வேற வேலையா வந்து நடுவுல ஒரு ஸ்பா எட்டிப் பாக்குறவங்க. இதுல காசு பெரும்பகுதி ரெண்டாவது ஆளுங்ககிட்ட இருந்து. அவங்க ரெண்டு ராத்திரி தங்குறவங்க, அவங்களுக்கு 21 நாளை எப்படி விக்குறது? நறுக்கித்தான் விக்கணும்.

---

எண்ணெய்க்கை

நான் தெரபிஸ்ட். 11 வருஷமா, நாலு நாட்டுல. தமிழ்ல டைப் பண்ணி பழக்கம் இல்ல, பிழை இருந்தா பாத்துக்கோங்க.

முதல் இடத்துல எனக்கு குடுத்த உடை அந்த ஊர் உடையும் இல்ல எங்க ஊர் உடையும் இல்ல, யாரோ டிசைனர் வரைஞ்சது, கை குறுகலா இருக்கும், தோள்பட்டைய தூக்கி அழுத்தம் குடுக்க முடியாது. கெஸ்ட் வந்ததும் மணி அடிச்சு ஒரு வரி ஆசீர்வாதம் சொல்லணும், அந்த பாஷை எனக்கு தெரியாது, இங்கிலீஷ் எழுத்துல எழுதி கண்ணாடியில ஒட்டி வெச்சிருந்தேன். ஒரு நாள் அந்த ஊர்க்கார அம்மா ஒருத்தங்க கெஸ்ட்டா வந்தாங்க. நான் சொன்னதும் சிரிச்சுட்டாங்க, அப்புறம் என் கையைப் பிடிச்சு, இது எங்க வீட்டுல செத்தவங்களுக்கு சொல்றதும்மான்னாங்க. நான் ஒரு வருஷமா எல்லாருக்கும் அதைத்தான் சொல்லிட்டு இருந்திருக்கேன்.

அப்புறம் தாய்லாந்துல போய் நுவாட் தாய், அதாவது அந்த ஊர் பாரம்பரிய மசாஜ், கத்துக்கிட்டேன், பாங்காக்ல வாட் போ கோயில்ல. அந்த கோயில்ல மூணாம் ராமா ராஜா காலத்துல கல்லுல செதுக்கி வெச்ச உடம்புக் கோடு படம் எல்லாம் இருக்கு, எவன் வேணா வந்து பாத்து படிச்சிக்கலாம்னு ராஜா அப்பவே சுவத்துல போட்டுட்டார், பள்ளிக்கூடம் 1955ல வந்துச்சு. அது தரையில பாய் போட்டு, துணியோட, எண்ணெய் இல்லாம, நம்ம முழு உடம்பு பாரத்தையும் வெச்சு பண்றது. கட்டை விரல், முழங்கை, முட்டி, பாதம் எல்லாம் வேலை செய்யும். 2019ல யுனெஸ்கோ பட்டியல்ல வந்துச்சு. திரும்ப ரிசார்ட்டுக்கு வந்தேன், அங்க மேசை மேல படுக்க வெச்சு எண்ணெய் தடவி அதுக்கும் தாய் மசாஜ்னே பேர். மேசை மேல எண்ணெயோட முழங்கால் வெச்சு ஏறுனா நான் விழுவேன் இல்ல அவர் விழுவார். சொன்னேன். தரையில படுக்க வெச்சா லக்சரியா இல்லைன்னுட்டாங்க.

கை பத்தி யாரும் கேக்கல அதனால சொல்றேன். நாளைக்கு அஞ்சு ஆறு பேர், ஒவ்வொருத்தரும் ஒரு மணி, ஒன்றரை மணி. நடுவுல 15 நிமிஷம், அதுல துண்டு மாத்தணும், தரை துடைக்கணும், அடுத்தவங்களுக்கு பூ வெக்கணும். கட்டை விரல் அடி மூட்டு எனக்கு காலையில எழுந்ததும் மடங்காது, சுடுதண்ணி டம்ளரை ரெண்டு கையால பிடிச்சிட்டு உக்காந்திருப்பேன். நாலாவதா வர்ற கெஸ்ட்டுக்கு என் விரல் போகாது, மணிக்கட்டைத்தான் போடுவேன், அவங்களுக்கு வித்தியாசம் தெரியாதுன்னு நினைப்பாங்க, கழுத்துல முடிச்சு இருக்குறவங்களுக்கு தெரியும்.

மல்லி அக்கா, நீங்க கேக்க வேண்டியது ஒண்ணுதான். ‘உங்க தெரபிஸ்ட் ஒரு நாளைக்கு எத்தனை பேரைப் பாப்பாங்க?’ நாலுக்குள்ள சொன்னா நல்ல இடம். பதிலே சொல்லலைன்னா அதுவும் பதில்தான்.

---

சும்மா_வந்தேன்

ஜோக் அடிக்க வந்தேன், முடியல. கையைப் பாத்துக்கோங்க தங்கச்சி.

---

மழைக்கால_மல்லி

எண்ணெய்க்கை, நீங்க எழுதினதை ரெண்டு தடவை படிச்சேன். நன்றிமா.

ஒரு சந்தேகம். நான் பாத்த ஒரு இடத்துல இருட்டுக் கூடாரம், உள்ள பழுத்த கல்லு, தண்ணி ஊத்தி நீராவி, ‘பூர்வகுடிகளின் மறுபிறப்புச் சடங்கு’ன்னு போட்டிருந்தாங்க. எனக்கு பிரஷர் இருக்கு. தோழி ஒருத்தி ரொம்ப சிலாகிச்சு சொன்னா. போலாமா?

---

கஷாயம்_கசக்கும்

பிரஷர் மாத்திரை சாப்பிட்டுட்டு இருந்தா உங்க டாக்டர்கிட்ட கேக்காம அந்தப் பக்கமே போகாதீங்க. பிரஷருக்குன்னு குடுக்குற சில மாத்திரை தண்ணியை வெளியேத்தும், சூட்டுல வியர்த்துக் கொட்டுறப்ப பிரஷர் சட்டுனு இறங்கி மயக்கம் வரும்.

---

ஊர்சுத்தி_77

இதுல ஒரு பெரிய கதையே இருக்கு. மெக்சிகோவுல தெமஸ்கல்னு சொல்லுவாங்க, நவாட் மொழியில தெமஸ்கல்லினா சூட்டு வீடு. வட அமெரிக்கப் பூர்வகுடிகள்ல லகோட்டா மாதிரி பல இனத்துக்கு தனித்தனி முறை இருக்கு. நடத்துறவங்க வருஷக்கணக்கா பெரியவங்க பக்கத்துல இருந்து கத்துக்கிட்டவங்க, உள்ள இருக்குறவன் முடியலைன்னா கதவைத் திறந்து விட்டுருவாங்க.

2009 அக்டோபர்ல அரிசோனாவுல செடோனா பக்கம் ஒரு சுயமுன்னேற்றப் பேச்சாளர், ஆளுக்கு ஒம்பதாயிரம் டாலருக்கு மேல வாங்கிட்டு அம்பது பேருக்கு மேல ஒரே கூடாரத்துல அடைச்சு இதை நடத்தினார். மூணு பேர் செத்துப் போனாங்க. 2011ல அலட்சியத்தால மரணம்னு தீர்ப்பு, ரெண்டு வருஷம் ஜெயில். லகோட்டாக்காரங்க 1993லயே எங்க சடங்கை விக்காதீங்கடான்னு போர்ப் பிரகடனம்னே பேர் வெச்சு அறிக்கை விட்டாங்க, யார் காதுல விழுந்துச்சு.

டாக்டர் சொன்ன அதே விஷயம்தான் பாருங்க. சடங்குக்குள்ள ‘போதும்’னு ஒரு கதவு இருந்துச்சு. சூட்டை மட்டும் எடுத்துட்டு கதவை விட்டுட்டு வந்துட்டாங்க.

---

திண்ணைவாசி

நான் ஆர்க்கிடெக்ட். எல்லாரும் உடம்புக்குள்ளயே சுத்துறீங்க, கொஞ்சம் நிலத்தையும் தண்ணியையும் பாப்போம்.

இந்த ஸ்டைல், அதாவது உள்ளூர்க் கூரை, திறந்த மண்டபம், கல், தண்ணி, ரூம் எண்ணிக்கை கம்மி, விலை அதிகம்ங்குறது, 1988ல தாய்லாந்து புக்கெட்ல ஏட்ரியன் செக்கான்னு ஒரு ஹோட்டல்காரர் அமன்பூரி ரிசார்ட்டைத் திறந்ததுல இருந்துதான் உலகம் பூரா ஓட ஆரம்பிச்சுச்சு. அதே புக்கெட்ல 1994ல பன்யன் ட்ரீ ரிசார்ட் வந்துச்சு, அந்த நிலம் ஒரு காலத்துல தகரச் சுரங்கம், மண்ணு கெட்டுப்போய் இனி எதுக்கும் ஆகாதுன்னு விட்டது, அதை மரம் வெச்சு மீட்டுத்தான் கட்டினாங்க. எனக்கு அந்த வேலை மேல மரியாதை உண்டு.

ஆனா பாலியில நான் பாத்தது வேற. அங்க நெல் வயலுக்கு தண்ணி பங்கு பிரிக்க சுபாக்னு ஒரு அமைப்பு, கோயிலும் வாய்க்காலும் சேர்ந்தே ஓடும், 2012ல யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம். எல்லா ரிசார்ட்டும் விக்குறது அந்த வயல் வியூவைத்தான். அந்த வயலைப் பாத்துக்கிட்டே ரூமுக்கு ரூம் தனி நீச்சல் குளம், அந்த தண்ணி எங்க இருந்து வருது? நிலத்தடியில இருந்து. காட்சியை விக்குறவனே காட்சிக்கு அடியில ஓட்டை போடுறான்.

இருந்தாலும் பாலியில ஒரு விஷயம் சொல்லியே ஆகணும். ஞெப்பி நாள். வருஷத்துல ஒரு நாள் தீவே மூடும், விமான நிலையம் 24 மணி நேரம் அடைப்பு, ரோட்டுல ஆள் கிடையாது, ராத்திரி விளக்கு கிடையாது. ரிசார்ட்ல எவ்வளவு கட்டினவனா இருந்தாலும் கேட்டுக்கு வெளிய, பீச்சுக்குப் போக முடியாது, போனா ஊர்க் காவல்காரர் பெசாலாங் வந்து உள்ள அனுப்பிருவார். நான் அன்னிக்கு அங்க இருந்தேன். ரூம்ல திரையை இழுத்து மூட ஒரு பையன் வந்தான், கிளிப் போட்டு இடுக்கெல்லாம் அடைச்சான், வெளிச்சம் கசியக்கூடாதுன்னு. நான் விளையாட்டா, காசு குடுத்தா ஒரு அஞ்சு நிமிஷம் பால்கனி லைட் போடலாமான்னு கேட்டேன். சிரிக்கக்கூட இல்ல. கிளிப்பை இன்னொரு தடவை அழுத்திப் பாத்துட்டு போயிட்டான்.

அந்த பயணத்துல நான் நிஜமா நிம்மதியா தூங்குனது அந்த ஒரு ராத்திரி.

---

பழைய_பிரவுச்சர்

இப்ப அதுக்கும் பேக்கேஜ் இருக்கு அண்ணே, ‘ஞெப்பி மௌன விடுமுறை, மூணு ராத்திரி, சாப்பாடு சேர்த்து’. :)

---

திண்ணைவாசி

விக்கட்டும். லைட்டை அணைக்குறாங்கல்ல, போதும்.

---

கணக்குப்பிள்ளை

கடைசியில எல்லாம் பணக்காரங்க சோம்பல் முறிக்குற கதைதானே. அந்த தங்கச்சி கட்டை விரல் போச்சு, வயல் தண்ணி போச்சு, இங்க உக்காந்து எந்த ரிசார்ட் நல்லதுன்னு ஆராய்ச்சி. வெக்கமா இல்லையா எல்லாருக்கும்?

---

மாடரேட்டர்

கணக்குப்பிள்ளை, கருத்து சரி, ஆளைத் தாக்க வேண்டாம். இழை தொடங்கினவங்க உடம்பு சரியில்லாம கேக்குறாங்க.

---

எண்ணெய்க்கை

கணக்கு அண்ணா, எனக்காக கோவப்படுறீங்க, சந்தோஷம். ஆனா யாருமே வரலைன்னா எனக்கு வேலை இல்ல. வரட்டும், கேள்வி கேட்டுட்டு வரட்டும்னுதான் நான் எழுதினேன்.

---

கணக்குப்பிள்ளை

சரிம்மா. வாயை மூடிக்கிறேன். மல்லி மேடம் தப்பா எடுத்துக்காதீங்க.

போறதுதான்னு முடிவு பண்ணிட்டீங்கன்னா இடத்துக்கு முதலாளி யாருன்னு பாருங்க. நியூசிலாந்துல ரொடொருவாவுல 2023ல வாய் அரிக்கின்னு ஒரு வெந்நீர் ஸ்பா திறந்தாங்க, அதோட சொந்தக்காரங்க அந்த மண்ணோட மாவோரி இனமான ஙாத்தி ஃபகாவேயோட அறக்கட்டளை. அவங்க தண்ணி, அவங்க கதை, லாபமும் அவங்க கல்லாவுக்கு. அப்படி ஒரு இடத்துல டிக்கெட் வாங்கினா எனக்கு வயித்தெரிச்சல் கொஞ்சம் கம்மியா இருக்கும். அதே சமயம் சிக்ஸ் சென்ஸஸ்னு அழகா பேர் வெச்ச ரிசார்ட் கம்பெனியை 2019ல ஐஎச்ஜிங்குற பெரிய ஹோட்டல் நிறுவனம் 30 கோடி டாலருக்கு வாங்கிச்சு, அதுவும் தெரிஞ்சிக்கோங்க, பிராண்ட்ல ‘கிராமத்து ஆன்மா’ன்னு இருக்கும், பில் போற இடம் வேற.

---

ஊர்சுத்தி_77

சாருக்கு வயித்தெரிச்சல் கம்மியாகுற இடம்னு ஒரு ஸ்டார் ரேட்டிங் ஆரம்பிக்கலாம்.

பூட்டான்ல தோத்ஷோன்னு கல்லு குளியல், பெரிய ரிசார்ட்லயும் இருக்கு, விவசாயி வீட்டுலயும் இருக்கு. நான் வீட்டுலதான் குளிச்சேன். நீளமான மரத் தொட்டி, நடுவுல ஓட்டை போட்ட ஒரு பலகை, அந்தப் பக்கம் வெளிய இருக்கும் இந்தப் பக்கம் நாம. வெளிய இருந்து அந்த வீட்டுத் தாத்தா இடுக்கியில ஆத்துக்கல்லை நெருப்புல இருந்து எடுத்து போடுவார், உஸ்ஸ்னு சத்தம், கல்லு உள்ளயே வெடிக்குற சத்தம் வேற, தண்ணி சாம்பல் வாசனையும் மாசிபத்திரி மாதிரி ஒரு தழை வாசனையுமா ஏறும். போதும்னா பலகையைத் தட்டணும். நான் தட்டத் தெரியாம தட்டிட்டேன் போல, இன்னும் ஒண்ணு போட்டுட்டார், இறால் மாதிரி சிவந்து போய் வெளிய வந்தேன். வீட்டுப் பாட்டி பாத்து சிரிச்ச சிரிப்பு இருக்கே. ரிசார்ட்ல அதே குளியலுக்கு மெழுகுவத்தி இருக்கும், பாட்டி சிரிப்பு இருக்காது. ஆனா நேர்மையா சொன்னா, முதுகு வலிக்காரங்களுக்கு அந்த வீட்டுத் தொட்டியில இறங்கி ஏறுறது கஷ்டம், ரிசார்ட்ல கைப்பிடி இருக்கும்.

வீட்டு முறைன்னாலே சுத்தம்னும் நினைக்காதீங்க. 2023ல ஜப்பான்ல புகுவோக்கா மாகாணத்துல நூறு வருஷத்துக்கு மேல பழைய விடுதி ஒண்ணு தொட்டித் தண்ணியை வருஷத்துக்கு ரெண்டே தடவைதான் முழுசா மாத்துச்சுன்னு மாட்டிக்கிச்சு. வாரத்துக்கு ஒரு தடவை மாத்தணும்ங்குறது விதி. பழமை வேற, ப்ளீச்சிங் வேற.

---

மழைக்கால_மல்லி

எல்லாருக்கும் அப்டேட். நாலு இடத்துக்கு ஒரே மெயில் அனுப்பினேன். டாக்டர் கேட்டது, எண்ணெய்க்கை கேட்டது, கணக்கு சார் கேட்டது மூணையும் போட்டேன். என் பிரஷர், தூக்கம், கழுத்து எல்லாம் எழுதினேன்.

ஒரு இடத்துல இருந்து 15 சதவீதம் தள்ளுபடி கூப்பன் வந்துச்சு, கேள்விக்கு பதில் இல்ல. இன்னொண்ணு அழகான பிரவுச்சர் அனுப்பினாங்க, அதுல கண்ணை மூடின அந்த பொண்ணு இருக்கா. மூணாவது இடம் ‘எங்கள் தெரபிஸ்ட்டுகள் எங்கள் குடும்பம்’னு எழுதியிருந்தாங்க, எத்தனை பேரைப் பாப்பாங்கன்னு கேட்டா குடும்பம்னு பதில்.

நாலாவது இடத்துல இருந்து டாக்டரே எழுதியிருக்காங்க, பாதிக்கு மேல கேள்விதான். மாத்திரை பேர் என்ன, எத்தனை மணிக்கு படுக்குறீங்க, காபி எத்தனை. நீங்க கேக்குற பஞ்சகர்மா பத்து நாள்ல முடியாது, 14 நாள் வர முடியும்னா வாங்க, இல்லைன்னா பத்து நாளுக்கு எண்ணெய் தேய்ப்பும் சாப்பாட்டு ஒழுங்கும் மட்டும் பண்ணலாம், தாரா வேணுமா வேண்டாமான்னு வந்து பாத்துட்டுதான் சொல்லுவேன், நீங்க மெனுவுல டிக் அடிக்க முடியாது. தெரபிஸ்ட் ஒருத்தருக்கு நாளைக்கு மூணு பேர், சில நாள் நாலு. முதலாளி யாருங்குறதுக்கு ஒரு டிரஸ்ட் பேர் குடுத்திருக்காங்க, நான் இன்னும் விசாரிக்கல. கடைசியில போன் வாசல்லயே குடுத்துரணும்னு ஒரு வரி.

முதல்ல கோவமா வந்துச்சு, இவ்வளவு காசு குடுத்துட்டு நான் இவங்ககிட்ட பர்மிஷன் கேக்கணுமான்னு. அப்புறம் ஆபீஸ்ல இன்னும் நாலு நாள் லீவ் கேட்டிருக்கேன். மேனேஜர் இன்னும் பதில் சொல்லல.

---

கஷாயம்_கசக்கும்

கோவம் வந்துச்சுன்னா நல்ல டாக்டர்தான். மாத்திரையை நீங்களா நிறுத்திட்டு மட்டும் போயிராதீங்க, சீட்டை கையில எடுத்துட்டு போங்க.

---

மழைக்கால_மல்லி

சரி டாக்டர். துணிமணி என்ன எடுத்துட்டு போகணும்? வெப்சைட்ல எல்லாரும் வெள்ளை லினன்ல இருக்காங்க.

---

எண்ணெய்க்கை

அய்யோ வெள்ளை வேண்டாம் அக்கா, தைலக் கறை போகவே போகாது. பழைய அடர் கலர் நைட்டி நாலு, தலைக்கு ஒரு பழைய துண்டு. தேய்க்குறப்ப வலிச்சா பல்லைக் கடிச்சிட்டு இருக்காதீங்க, அங்கயே சொல்லுங்க.